ஒற்றைச் சொல்லில் நின்ற பேச்சு

(திருப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறக்கட்டளையினர் என்னிடமே விட்டுவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்: பவர்டேபிள் தையல் மெஷினில் உட்காருகிறவருக்கும் புரிய வேண்டும். நியாயமான நிபந்தனைதான். நான் மருத்துவர் அல்லன். மொழியியல் படித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்குள் வந்தவன். மருந்து எழுதத் தெரியாது. பேச்சு போனவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களோடு மல்லுக்கட்டத் தெரியும். மூளையில் அடி விழுந்தால் மொழி என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை விளக்கத் தமிழ்நாட்டில் ஓர் எளிய வழி இருக்கிறது. எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 ஜனவரி 12 அன்று அவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு கழுத்தில் பாய்ந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களில் குரல் மாறியிருப்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் வசனம் மறக்கவில்லை. மேடையில் சொல் தடுமாறவில்லை. கெட்டது தொண்டை. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னை அப்பல்லோவில் சேர்ந்தவருக்குப் பக்கவாதமும் வந்தது. நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 4-இல் திரும்பி வந்து 10-ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்றார். பழைய பேச்சு மட்டும் திரும்பவில்லை. இந்த முறை அடி விழுந்த இடம் மூளை. முதல் காயத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் புரிந்துகொண்டால் இன்றைய பேச்சில் பாதி முடிந்த மாதிரி.

மூளையில் அடி என்றாலும் விளைவு ஒன்றல்ல. நாக்கையும் உதட்டையும் ஆட்டும் நரம்புகள் தளர்ந்தால் பேச்சு குழறும். அப்படிப்பட்டவரிடம் பேனாவைக் கொடுத்தால் சொல்ல நினைத்ததை எழுதிக் காட்டிவிடுவார். மொழியே பழுதானவர் நிலைமை வேறு. பேனாவைக் கொடுத்தாலும் எழுத்து வராது. மற்றவர் பேசுவதிலும் கொஞ்சமோ நிறையவோ புரியாமல் போகும். இதைத்தான் மருத்துவர்கள் அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடக்கத்தில் இது இருக்கும். வலது கை, வலது கால் விழுந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஏனென்றால் நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடது பாதி, அந்தப் பாதிதான் உடம்பின் வலது பக்கத்தையும் ஆள்கிறது.

இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். கட்டிங் மாஸ்டர். நூல் துணி ரோலைத் தொட்டுப் பார்த்தே எத்தனை ஜிஎஸ்எம் எடை என்று சொல்லக்கூடியவர் என்று அவருடைய பழைய முதலாளி சொன்னார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அதுதானுங்க." சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அதுதானுங்க. பேர் என்ன என்று கேட்டால் அதுதானுங்க. கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அதே சொல்தான். ராகம் மட்டும் மாறும். "எல்லாம் வெளங்குதுங்க, சொல்லத்தான் வரமாட்டேங்குது" என்றார் அவர் மனைவி. சொந்தக்காரர்கள் அதை நம்பவில்லை. அவர் எதிரிலேயே, அவருக்குக் காது கேட்காத மாதிரி, கடை வாடகையையும் சீட்டுப் பணத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது மகன் வீட்டு முன்னறையில் துணியை விரித்து ஜாப் ஒர்க்குக்கு டி-சர்ட் வெட்ட உட்கார்ந்தான். மாஸ்டர் கட்டிலில் இருந்து பார்த்தார். "அதுதானுங்க!" மகன் நிமிரவில்லை. "அதுதானுங்க, அதுதானுங்க!" இடது கையால் துணியின் ஓரத்தைப் பிடித்து நீளவாக்கில் இழுத்துக் காட்டினார், வரவில்லை. அகலவாக்கில் இழுத்தார், வந்தது. பிறகு மார்க்கர் பேப்பரைத் தட்டினார். பேட்டர்ன் குறுக்கே கிடந்தது. அப்படியே வெட்டியிருந்தால் சட்டை மாட்டின அன்றைக்கே நெஞ்சுப் பக்கம் இறுகியும் கீழே தொங்கியும் போயிருக்கும், மொத்தமும் செகண்ட்ஸ். பையன் ஒன்றும் பேசாமல் பேப்பரைத் திருப்பிப் போட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் முன்னால் கடன் கணக்குப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நூற்றாண்டைக் கடந்த மருத்துவ வரலாற்றில் இந்த மாஸ்டருக்கு ஒரு மூத்தவர் இருக்கிறார். பாரிசில் பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டு கிடந்த லெபோர்ன். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார்; ஆஸ்பத்திரியில் அவர் பேரே டான் ஆகிவிட்டது. 1861 ஏப்ரலில், 51 வயதில், அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு பால் புரோகா என்ற அறுவை மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு லெபோர்ன் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலை நீட்டினார். நாலைந்து இருபது, மேலே ஒன்று. கணக்குப் பிசகவில்லை. இறந்த பிறகு மூளையைப் பார்த்தார்கள். இடது முன்பகுதியில் சிதைவு. மொழிக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற பேச்சு அங்கிருந்துதான் வேர் பிடித்தது. புரோகா அந்த மூளையை வெட்டாமல் அப்படியே பாதுகாக்கச் செய்தார். 2007-இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது சிதைவு அவர் கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஆழமாகவும் அகலமாகவும் போயிருந்தது தெரியவந்தது. ஓர் இடத்தில் மொழியைப் பூட்டி வைத்திருக்கிறது என்ற எளிய படம் அதோடு இன்னும் கொஞ்சம் கலைந்தது. அந்த லெபோர்ன் யார் என்று போலந்து நாட்டு ஆய்வாளர் ஒருவர் 2013-இல் தேடிக் கண்டுபிடித்தார். பள்ளி ஆசிரியரின் மகன். செருப்புத் தைப்பவர்களுக்கு மரத்தில் கால் அச்சு செய்து கொடுத்த கைத்தொழிலாளி. பாடப் புத்தகங்களில் நூற்றைம்பது வருஷம் வெறும் 'நோயாளி டான்' ஆகக் கிடந்தவருக்குத் தொழிலும் தகப்பனும் திரும்பக் கிடைத்தது அப்போதுதான்.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்று உண்டு. அதை 1874-இல், தன் 26-ஆவது வயதில், கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானியர் எழுதினார். அடி விழுவது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால். இவர்களுக்குப் பேச்சு நிற்பதில்லை. ஆற்றுவெள்ளம் மாதிரி வரும். பொருள்தான் இருக்காது. செக்கிங் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம் "உங்க பேரு என்னங்க" என்று கேட்டேன். "அது வந்துங்க, செவ்வா பொட்டியில மடிச்சு வெச்சிருந்தேனுங்க, அந்தக் கொலசு இன்னும் வரலீங்க, கரண்டு பில்லு ஊத்தியாச்சுங்களா?" என்றார், முகத்தில் சிரிப்போடு, வந்தவரை வரவேற்கும் மரியாதையோடு. இலக்கணம் அப்படியே இருக்கிறது, கவனித்தீர்களா? எழுவாய், பயனிலை, கேள்வி, கொங்கு நாட்டு 'ங்க' எதுவும் சிதறவில்லை. அர்த்தம் மட்டும் இல்லை. கை கால் நன்றாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றவில்லை. காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள். பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுப்பதற்குள் வாரம் ஓடிவிட்டது. திடீரென்று ஒருவர் உளற ஆரம்பித்தால், 'திடீரென்று' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பைத்தியம் ஒரு மத்தியானத்தில் பிடிப்பது அபூர்வம். மூளை ரத்தக்குழாய் அடைபடுவது ஒரு நிமிஷத்தில் நடக்கும்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது, சற்று நேரம் எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். புரோகா வகைக்காரர்கள் மெல்ல மீளும்போது விகுதிகளையும் உருபுகளையும் விட்டுவிட்டுத் தந்தி அடிப்பது போலப் பேசுவார்கள். ஆங்கிலத்தில் விகுதியை விட்டால் மிஞ்சும் சொல் வெறும் சொல்லாக நிற்கும். எபிரேய மொழியில் வேரைத் தனியே உச்சரிக்கவே முடியாது. உயிரொலி இல்லாத மெய்களின் கூட்டம் அது. அதனால் அந்த மொழி நோயாளிகள் விகுதியை விடுவதற்குப் பதில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறார்கள் என்று யோசெஃப் குரொட்சின்ஸ்கி 1984-இல் காட்டினார். தமிழில் என்ன நடக்கும்? வினையிலிருந்து காலத்தையும் இடத்தையும் பாலையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஏவல். வா. போ. எடு. அதிலும் ஒருமை ஏவல், சின்னவர்களிடம் சொல்வது. 'நான் போகணும்' என்று சொல்ல வந்த பெரியவர் வாயிலிருந்து 'போ' என்று வருகிறது. 'தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்' என்பது 'எடு' ஆகிறது. சம்பந்தியைக்கூட 'வாங்க' போட்டுத்தான் பேசுகிற கொங்கு நாட்டில், மருமகளை இதுவரை பேர் சொல்லிக்கூட அதட்டாத மாமனார் "போ, போ" என்கிறார். மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை; கக்கூசுக்குப் போகணும் என்கிறார். இந்த ஒன்றை விளக்கினதாலேயே சில வீடுகளில் பாதிச் சண்டை ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் மாஸ்டரின் 'அதுதானுங்க'வில் 'ங்க' எப்படி ஒட்டிக்கொண்டது? அது அவர் அந்தந்த நேரத்தில் கோத்த சொல் அல்ல. வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஒரே கட்டியாக இறுகிப்போனது. இப்படி இறுகிப்போனவை வேறு வழியில் பிழைத்துக்கொள்ளும். லெபோர்னுக்குக் கோபம் தலைக்கேறினால் 'டான்' போய் முழுசாக ஒரு வசவு வந்து விழுமாம். நம் ஆட்களுக்கும் வசவு வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். சாமி பாட்டு வரும். 'தண்ணி' என்று சொல்ல முடியாதவர் கந்த சஷ்டி கவசத்தை யாராவது தொடங்கிவிட்டால் கூடவே கடகடவென்று போவார். பக்கத்துச் சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பாட்டு என்பதால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதை அறியாத முருக பக்தர் குறைவு. வீட்டார் இதைப் பார்த்துவிட்டு 'வேண்டும் என்றே பேசாமல் இருக்கிறார்' என்று முடிவு கட்டிவிடுவதும் உண்டு. அது தப்பு. பாட்டு போகும் தடம் வேறு. அந்தத் தடத்தையே ஏணியாக்கி, ராகம் போட்டுச் சொற்றொடரை ஏற்றும் பயிற்சி ஒன்றை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1973-இல் வகுத்தார்கள். எல்லாருக்கும் பலிக்காது. சிலருக்குப் பலிக்கிறது.

திருப்பூரில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் பொருத்தம் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் ஒரே மொழியோடு ஒரு நாளைக் கழிக்கிறவர்கள் குறைவு. வீட்டில் தெலுங்கு, தேவாங்கர் வீடானால் கன்னடம். கம்பெனியில் தமிழ். லைனில் நிற்கும் பிகார், ஒடிசா, மேற்கு வங்கப் பிள்ளைகளிடம் இந்தி. பையர் வந்தால் கொஞ்சம் இங்கிலீஷ். இத்தனையும் வைத்திருந்த மூளையில் அடி விழுந்தால் முதலில் எது திரும்பும்? பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1880-களிலேயே முதலில் கற்ற மொழிதான் கடைசி வரை நிற்கும் என்றார். பித்ர் என்பவர் 1895-இல் அதை மறுத்தார். நோய் வரும் காலத்தில் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் வரும் என்றார். இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல நோயாளிகள் கிடைத்தார்கள். பின்னாளில் கனடாவில் மிஷேல் பரதி 132 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். 61 சதவீதம் பேருக்கு எல்லா மொழிகளும் ஒரே அளவில், கூடவே மீண்டன. மற்றவர்களுக்குத்தான் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, அல்லது எல்லாம் கலந்து. அவர் எழுதியவற்றில் ஒரு கன்னியாஸ்திரீயின் கதை உண்டு. மொராக்கோவில் பணி, பிரெஞ்சும் அரபியும் தண்ணீர் பட்ட பாடு. மொபெட் விபத்தில் தலையில் அடி. அதற்குப் பிறகு ஒரு நாள் அரபி வரும், பிரெஞ்சு வராது; இன்னொரு நாள் தலைகீழ். இதில் விசித்திரம், தானாகப் பேச வராத மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னால் வந்தது! மொழி அழிந்துபோகவில்லை, அதை எடுக்கும் கைதான் தடுமாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நம் கட்டிங் மாஸ்டருக்குத் தாய்மொழி தெலுங்கு. பயிற்சி அட்டைகளில் இருந்தவை ஆப்பிள், கப்பல், ஒட்டகம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு வீட்டிலிருந்த துணித் துண்டுகளைக் கட்டிலில் பரப்பினோம். காலர், பட்டி, ரிப், லேபிள், பாபின். சில வாரம் கழித்து வந்த முதல் புதுச் சொல் "ரிப்பு." தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை, திருப்பூர் பாஷை. அதற்கடுத்து மனைவியிடம் "நீள்ளு" என்று தண்ணீர் கேட்டார். நீங்கள் கேட்கலாம், அப்படியானால் ரிபோ சரியா, பித்ர் சரியா என்று. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஆசை போய்விட்டது. அந்த மனிதர் எந்தச் சொற்களோடு பிழைத்தாரோ அந்தச் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் கற்றது. நோயாளி வந்தவுடன் எந்தெந்த மொழி, யாரோடு, எங்கே என்று எழுதிவைக்கும் பழக்கம் நம் வார்டுகளில் வர வேண்டும். ரத்த வகையை எழுதுகிறோம் அல்லவா, அதுபோல.

அப்படி எழுதாததால் நேர்வதைச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்த்த இளைஞர் பைக்கில் விழுந்து தலையில் அடியோடு ஒரு மருத்துவமனைக்கு வந்தார். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. "தமிழ் தெரியாது போல" என்று எழுதினார்கள். தெரியாதுதான், யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கு ஒடியாவும் தெரியாமல் போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வேலை செய்தால் போதும்: அவருடைய போனிலிருந்தே ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இரண்டு கேள்வி கேட்கச் சொல்வது. கையைத் தூக்கு, கண்ணை மூடு. தாய் சொல்லியும் மகன் செய்யவில்லை என்றால் அது மொழி தெரியாதது அல்ல, மொழி போனது. செலவே இல்லாத பரிசோதனை. வெளிமாநிலத் தொழிலாளரை வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனி சூப்பர்வைசரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தலையில் விழும் அடி என்றதும் இந்த ஊரில் நினைவு வருகிற பெயர் ஒன்றுதான். 1932 ஜனவரி 10 அன்று கொடியோடு போன குமரனின் மண்டையில் போலீஸ் தடி இறங்கியது, மறுநாள் இறந்தார். இன்றைக்கு அதே ஊரில் மண்டை உடைவது அவினாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதால். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு 2021 டிசம்பரிலிருந்து இலவசமாகத் தருகிறது. உயிர் பிழைக்கிறார்கள். அதற்கு அப்புறம் வரும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பல மொழி தெரிந்தால் நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் பக்கவாதம் வந்த 608 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழியாவது பேசியவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு நினைவும் அறிவாற்றலும் கெடாமல் இருந்தன. ஒரே மொழிக்காரர்களில் 19.6 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அஃபேசியா வருவதில் இரண்டு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, இரண்டு மொழி தெரிந்தால் பேச்சு போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேச்சு போனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக இரண்டு கவிஞர்கள். சுவீடனின் தூமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பக்கவாதம். வலது கை விழுந்து பேச்சும் ஏறக்குறைய முழுக்கப் போனது. அதற்குப் பிறகும் 1996-இல் ஒரு தொகுப்பு, 2004-இல் ஒரு தொகுப்பு. இடது கையால் பியானோ வாசித்தார். 2011-இல் நோபல் பரிசு. வங்கத்தின் காசி நஸ்ருல் இஸ்லாம் கதை வேறு மாதிரி. 1942-இல், 43 வயதில், பேச்சும் நினைவும் அவரை விட்டுப் போகத் தொடங்கின. 1953-இல் வியன்னாவில் பார்த்த மருத்துவர்கள் மூளை சிறுகச் சிறுகத் தேயும் பிக் நோய் என்றார்கள். 1976 வரை உயிரோடு இருந்தார், மீளவில்லை. திடீரென்று விழும் அடி வேறு, மெல்ல அரிக்கும் நோய் வேறு. முன்னதில் மீள்வதற்கு இடம் உண்டு.

அந்த இடம் எவ்வளவு என்பதை முதல் சில மணி நேரம் தீர்மானிக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். முகம் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, உளறுகிறதா என்று பாருங்கள், உடனே 108. சோடா கொடுத்து, படுக்க வைத்து, 'பித்தம், காலையில் சரியாகிவிடும்' என்று ஷிப்ட் முடியும் வரை காத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. எண்ணெய்ச் சிகிச்சைக்கு யாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் நாலரை மணி நேரத்தில் போகாதீர்கள், அவ்வளவுதான். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்பது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் எத்தனை மணிக்கு எந்த பண்டிலை முடித்தார் என்று பக்கத்து மெஷின்காரருக்குத் தெரியும். அவரை ஆம்புலன்சில் கூடவே அனுப்புங்கள்.

பேச்சைத் திருப்பித் தரும் மாத்திரை கிடையாது. பயிற்சிதான் மருந்து, அது பொறுமையாக, நிறையக் கொடுக்க வேண்டியது. ஜெர்மனியில் நோய் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வாரம் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ, மூன்று வாரம் பயிற்சி பெற்றவர்களின் பேச்சு நன்றாகவே முன்னேறியது. நாள் கடந்துவிட்டது, இனி வராது என்று கைவிடுவது சரியில்லை என்பதற்கு இது சான்று. வாரம் பத்து மணி நேரத்துக்கு எங்கே போவது? இந்தத் துறையை 1965-இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் வளர்த்தது. திம்பம் மலை ஏறி இறங்கினால் மைசூர். அங்கேயும் சென்னையிலும் படித்து வெளிவரும் பிள்ளைகளில் பலர் குழந்தைகளின் காது, பேச்சுக் குறைபாட்டுக்குப் போகிறார்கள். சிலர் வெளிநாடு போகிறார்கள். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு, அதுவும் வாரச் சம்பளக்காரர்களுக்கு, கிடைப்பவர்கள் கொஞ்சம்.

சட்டம் நம்மைவிட முன்னால் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் இல்லை. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. அதில் பேச்சு, மொழிக் குறைபாட்டுக்குக் கொடுத்த விளக்கத்தில் அஃபேசியா என்ற சொல்லே அச்சாகி இருக்கிறது. நிரந்தரக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சான்றிதழுக்கு உரிமை உண்டு. கை கால் விழுந்ததற்கு மட்டும் சான்றிதழ் வாங்கி, பேச்சு போனதைப் பதியாமலே விட்டுவிடுகிற குடும்பங்கள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள், நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவிப் பட்டியலில் பக்கவாதமும் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

கடைசியாக, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிடுகிறேன். திருப்பூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பக்கவாத நோயாளிகளுக்கென்றே பேச்சுப் பயிற்சியாளர்கள் அங்கே போதிய எண்ணிக்கையில் வேண்டும். தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தி தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு வருகிறது. அந்த வண்டியில் பேச்சுப் பயிற்சிக்கும் ஓர் இடம் கேட்போம். முதலாளிமார்கள் வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்துகிறீர்கள்; அதே பந்தலில் ரத்த அழுத்தமும் பாருங்கள், ஏனென்றால் பக்கவாதத்துக்கு முதல் காரணம் அதுதான். வீட்டில் பேச்சு போனவர் யாராவது இருந்தால், இன்றிரவு போய் அவர் எதிரில் உட்காருங்கள். டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமாம், இல்லை என்று தலையாட்டக் கூடிய கேள்வி. பதிலுக்குக் காத்திருங்கள், அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.